பெண்கள் பக்கம்

மூன்று தட்டல். பூட்டிய கதவின் உள்பக்கமிருந்து.

அவள் அளவு நாடாவைக் கீழே வைத்தாள். கட்டட உறுதிச் சான்றுக்காக நகராட்சி அனுப்பிய பொறியாளர் அவள்.

"கண்டுக்காதீங்க மேடம்," என்றார் கடை மேலாளர் அழகியநம்பி. "அது பழைய சத்தம்."

இந்தக் கட்டடம் இதுவரை மூன்று வேஷம் கட்டிவிட்டது. முதலில் நாடகக் கொட்டகை. பிறகு சினிமா தியேட்டர். இப்போது ஜவுளிக்கடை. கீழே ஆடித் தள்ளுபடி ஒலிபெருக்கி காதைப் பிளந்தது.

கொட்டகை நாளில் இந்த மாடி பெண்கள் பக்கம். நாடகம் தொடங்கியதும் வெளியே பூட்டிவிடுவார்களாம். ஆம்பிளை எவனும் உள்ளே நுழைந்துவிடக் கூடாதே! எல்லாம் நல்லெண்ணம்தான்.

ஒரு நாள் ஆட்டத்தின் நடுவே மேடைத் திரை தீப்பிடித்தது. கீழே இருந்த ஆண்கள் தெருவுக்கு ஓடிவிட்டார்கள்.

சாவிக்காரன் வெற்றிலை வாங்கப் போயிருந்தான்.

"அன்னையிலேர்ந்து தட்டிக்கிட்டே இருக்காங்க மேடம். பாவம்."

அவர் மெய்யாகவே வருந்தினார். வெள்ளிக்கிழமைதோறும் இந்தக் கதவுக்குப் பூ வைப்பவர் அவர்தான்.

"இப்ப உள்ள என்ன இருக்கு?"

"நம்ம சேல்ஸ் பொண்ணுங்க தங்குற இடம். எல்லாம் கீழ வேலையில இருக்குதுங்க. வயசுப் பொண்ணுங்க பாருங்க, அதான் பூட்டு."

பூட்டு புத்தம் புதிது.

அவள் கதவை இரண்டு முறை தட்டிப் பார்த்தாள்.

உள்ளிருந்து இரண்டு முறை பதில் வந்தது.

மேலாளர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவளுக்கும் உடம்பு சிலிர்த்துவிட்டது. ஓர் அடி பின்வாங்கினாள். காலில் ஏதோ இடறியது.

ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. வார் இன்னும் ஈரமாக இருந்தது.

இப்போதுதான் அவள் நிஜமாகப் பயந்தாள். பேயை நினைத்து அல்ல.

"உள்ள ஆள் இருக்கு சார்! திறங்க!"

"யாரும் இருக்க மாட்டாங்க மேடம். சாவி வாட்ச்மேன்கிட்ட இருக்கு. டீ குடிக்கப் போனான், வந்துருவான்."

அவள் பூட்டைப் பிடித்து இழுத்தாள். தோளால் மோதினாள். யாராவது வாங்களேன் என்று படிக்கட்டைப் பார்த்துக் கத்தினாள். பட்டுக்கு ஐம்பது சதவீதம் என்றது ஒலிபெருக்கி.

மறுபடி ஒரு தட்டல். இம்முறை கதவின் அடியில், தரையை ஒட்டி.

பிறகு ஒன்றும் இல்லை.

அவள் மண்டியிட்டுக் கதவில் காதை வைத்தாள். வைத்தபடியே இருந்தாள்.

அழகியநம்பி நிம்மதியாக மூச்சு விட்டார்.

"பாத்தீங்களா மேடம்? கொஞ்ச நேரத்துல தானா நின்னுரும். எப்பவும் இப்படித்தான்."