வரம்புக்கு மேலே

"மிஸ் வெர்லீன், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வீட்டுல நிஜமாவே நாலு பேருதானா?" என்று கேட்டான் கர்ட்டிஸ்.

"நானும் மூணு பிள்ளைங்களும். வேற யாரு இருக்கா?"

"உங்க தம்பி வெய்ன்?"

"அவன் சாப்பிட வருவான். பொண்டாட்டி விரட்டிட்டா எங்க சோபாவுல கிடந்து குறட்டை விடுவான். அதுக்காக அவனையும் எழுதச் சொல்றியா?"

"அஞ்சு பேருன்னா வருமான வரம்பு ஏறும். அவருக்கு வருமானமும் கிடையாது."

"அவன் எங்களுக்குப் பண்ற ஒரே உபகாரம் அதுதான். ஆனா எழுதாதே. பொய்."

டன்மோர் கவுண்டி என்ற அமெரிக்க மாவட்டத்தில் அரசு உத்தரவாதத்தோடு வீட்டுக் கடன் தரும் அலுவலகம் அது; விண்ணப்பங்களை நிரப்பிப் பார்ப்பது கர்ட்டிஸின் வேலை. முன்பணம் வேண்டாம், வட்டியும் குறைவு. ஆனால், வருமானம் வரம்பைத் தாண்டினால் ஒரு டாலர்கூடக் கிடைக்காது.

வெர்லீன் காலையிலும் மாலையிலும் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். இடைப்பட்ட நேரத்தில் மருத்துவமனைச் சமையலறையில் வேலை. கணவன் ஹோபர்ட் இறந்து ஆறு வருடம் ஆகிறது. இன்னமும் சக்கரம் வைத்த வாடகை டிரெய்லர் வீட்டில்தான் குடியிருக்கிறார்கள். ஓடைக்கரையில் ஒரு பச்சை வீடு விலைக்கு வந்திருப்பதும், அவள் தினமும் அதன் எதிரே பேருந்தை மெதுவாக ஓட்டுவதும் ஊருக்கே தெரியும்.

கர்ட்டிஸுக்கு அந்த வீட்டை அவளுக்கு வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று இருந்தது.

"சரி, மருத்துவமனையில ஓவர்டைம் போட்டிருக்கீங்களே. இனிமே அது கிடைக்காதுன்னு மேனேஜர் ஒரு வரி எழுதிக் குடுத்தா..."

"கிடைக்கும். போன வாரமே கேட்டு வாங்கிட்டேன்."

அவன் தலையைச் சொறிந்துகொண்டான். "நீங்க எந்தப் பக்கம், மிஸ் வெர்லீன்?"

"நாலாங்கிளாஸ்ல என் பஸ்ஸுல வாந்தி எடுத்துட்டு, பக்கத்துல இருந்த பொண்ணு மேல பழி போட்டவன்தானே நீ? அப்பவே சொன்னேன், உள்ளதைச் சொல்லுன்னு."

அவன் காது சிவந்தது. பிள்ளைகளுக்காக வருமானத்தில் கழிக்க வேண்டியதைக் கழித்தான். மறுபடி ஒருமுறை கூட்டினான். முகம் மலர்ந்தது.

"வந்துட்டீங்க. வரம்புக்கு எண்பது டாலர் கீழ. பச்சை வீடு உங்களுக்குத்தான்."

வெர்லீன் முகத்தில் சிரிப்பு வரவில்லை. படிவத்தைத் தன் பக்கம் திருப்பி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தாள். கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது.

"இங்க பாரு. மத்த வருமானம்னு கேட்டிருக்கான். வெறுமனே விட்டுட்டே."

"அது கடை கிடை வச்சிருக்கவங்களுக்கு."

"நான் சர்ச் வாசல்ல ஆப்பிள் கேக் விக்கிறேன். வருஷத்துக்கு அறுநூறு வரும்."

கர்ட்டிஸ் பேனாவைக் கீழே வைத்தான். "அதை யாரு கேட்டா? இந்த ஊர்ல கேக் விக்காத பொம்பளை யாரு? தயவுசெஞ்சு விடுங்க."

"நீயும்தான் வாரா வாரம் வாங்கித் திங்கிற. எழுது."

"எழுதினா வீடு போயிடும்."

"எழுது தம்பி."

எழுதினான். வரம்புக்கு மேல் ஐந்நூற்று இருபது டாலர். வேறு வழி எதுவும் மிச்சமில்லை. "மன்னிச்சிடுங்க. அரசாங்கத்தால உங்களுக்கு உதவ முடியாது" என்றான், அவளைப் பார்க்காமல்.

"அதைக் கடிதமா குடு. சீல் வச்சு."

"தபால்ல வரும்."

"இப்பவே வேணும்."

கடிதம் வந்தது. "உங்கள் குடும்ப வருமானம், இத்திட்டத்தின் வரம்புக்கு மேற்பட்டதாக இருப்பதால்..." வெர்லீன் நிமிர்ந்து உட்கார்ந்து, உதடு அசைய அதை இரண்டு முறை படித்தாள். பிறகு சிரித்தாள்.

கர்ட்டிஸுக்கு அழுகை வரும் போலிருந்தது. "இப்ப அந்த வீட்டுக்கு என்ன செய்வீங்க?"

"மூணு மணிக்கு பேங்க்ல அதுக்குத்தான் கையெழுத்துப் போடப் போறேன். முன்பணம் சேர்த்தாச்சு."

"அப்புறம் எதுக்கு இங்க வந்தீங்க?"

"கல்யாணமான புதுசுல, இதே மேஜையில, வருமானம் பத்தாது, கடன் கிடையாதுன்னு ஹோபர்ட் கையில ஒரு கடிதம் குடுத்தாங்க. சாகிற வரைக்கும் அதை பர்ஸுல மடிச்சு வச்சிருந்தாரு" என்றாள் அவள், எழுந்துகொண்டே. "போற வழியில கல்லறையில உட்கார்ந்து, இதை அவருக்குப் படிச்சுக் காட்டணும்."