நடு ஆளும் முதல் ஆளும்

தைவானின் தைச்சுங் நகரில், காலை உணவுக் கடையொன்றில், கல்லில் முட்டை சீறுகிறது. யி-ஜுன் மடிக்கணினியை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. எந்தப் பட்டியலையும் ஒவ்வொன்றாகத் தேடும் பொது நிரலை, வரிசைப்படுத்திய பட்டியலில் மட்டும் பாதி பாதியாகத் தாண்டித் தேட வைத்திருக்கிறாள். நிரலைச் சரிபார்க்கும் சோதனைகளில் ஒன்று மட்டும் சிவப்பு, தோல்வி. அந்த நிரல் நூலகத்தைப் பராமரிக்கும் குவான்-டிங் எதிரில் உட்கார்ந்து சிரிக்கிறான். "ஒரே பேர்ல மூணு பேர் நின்னா முதல் ஆளைத்தானே கூப்பிடணும்? உன்னோடது பறந்து போயி நடு ஆளைக் கூட்டிட்டு வருது. மதியம் புதுப் பதிப்பு வெளியீடு, பழையதே இருக்கட்டும்." "இருங்கண்ணா. நடு ஆள் கிடைச்சதும் நிக்காம, இடப்பக்கம் இன்னும் பாதி பாதியா தேடட்டும்." இரண்டு வரி தட்டுகிறாள். அவள் தட்டில் முட்டையப்பத்தின் ஆவி அடங்கிவிட்டது. திரையில் பச்சை வரிகள் இறங்குகின்றன. கடைசி வரி தயங்குகிறது. குவான்-டிங்கின் உணவுக் குச்சிகள் வாய்க்கு முன்னால் அப்படியே நிற்கின்றன. பச்சை. அவன் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறான். "ஆறிப்போச்சு, சாப்பிடு. உன்னோடதை நான் நூலகத்துல சேத்துக்கிறேன்."