புல்வெளிப் புகார்

“யாரு எழுதிப் போடுறாங்கன்னு மட்டும் சொல்லும்மா. நான் சண்டைக்கெல்லாம் போக மாட்டேன். நல்லா இருப்பான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடுறேன்” என்றபடி நோட்டீஸை மேசைமேல் வைத்தார் வெண்டல்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் கோனி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். புகார் கொடுத்தவர் பெயரைச் சொல்லக் கூடாது என்று விதி இருக்கிறதாம்.

விதிக்கா பஞ்சம்? அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து அந்தப் புறநகரில் சுதந்திரத்துக்கு ஒரு குறையும் இல்லை. கொடி பறக்காத வீடே கிடையாது. ஆனால் சொந்த வாசலில் சொந்தப் புல் ஆறு அங்குலத்தைத் தாண்டினால் சங்கத்திலிருந்து காகிதம் வந்துவிடும். தபால் பெட்டிக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்பதற்கே மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தார்கள்.

மார்ச்சில் மனைவி நோரீன் கண்ணை மூடியதிலிருந்து வெண்டலுக்கு எதிலும் கை ஓடவில்லை. முப்பத்தெட்டு வருடம் கூட வாழ்ந்தவள் அல்லவா? சோபாவில் சாய்ந்தால் சாய்ந்ததுதான். டிவி தானாகவே நின்று, ‘இன்னும் பார்க்கிறீர்களா?’ என்று கேட்கும். அந்த வீட்டில் அவரைக் கேள்வி கேட்க அது ஒன்றுதான் மிச்சம்.

இந்த நேரம் பார்த்தா இப்படி? புல் வளர்ந்துவிட்டது என்று முதல் காகிதம். திட்டிக்கொண்டே போய் வெட்டினார். குப்பைத் தொட்டி ரோட்டிலேயே நிற்கிறது என்று அடுத்தது. பூந்தொட்டி காய்கிறது என்று இன்னொன்று. இப்போது, ஜன்னல் திரை மூன்று நாளாகத் திறக்கவில்லையாம்.

“என் வீட்டுத் திரையை நான் திறப்பேன், மூடுவேன். அவனுக்கு என்ன வந்தது? எதிர்வீட்டுக்காரன் கர்ட்தானே எழுதிப் போடுறான்? நோரீன் இருந்தவரைக்கும் ஒரு காகிதம் வந்திருக்குமா? அவ போனதும் கேட்க ஆளில்லைன்னு ஏறி மிதிக்கிறாங்க.”

வீட்டையே விற்கப் போவதாகச் சொன்னார் வெண்டல். நாளைக் காலையில் தரகர் வந்து வாசலில் ‘விற்பனைக்கு’ என்று பலகை நடப்போகிறாராம்.

கோனி எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு தடித்த உறையை எடுத்து வந்தாள்.

“விதி கிடக்கட்டும். நீங்களே பாத்துக்குங்க.”

உள்ளே கத்தையாகப் புகார்ப் படிவங்கள். தேதியைத் தவிர எல்லாம் எழுதியாகிவிட்டது. முதல் தாளின் கையெழுத்தைப் பார்த்ததும் வெண்டல் அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.

“ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே நோரீன் எழுதினது” என்றாள் கோனி. “மூணு நாள் சேர்ந்தாப்பல நீங்க வெளியில தலை காட்டலைன்னா ஒண்ணு அனுப்பச் சொன்னா. கெஞ்சினா எழுந்திருக்க மாட்டாரு, கோபம் வந்தாத்தான் எழுந்திருப்பாருன்னா.”

வெண்டல் மற்ற தாள்களைப் படிக்காமலே உறைக்குள் போட்டு அவளிடமே நீட்டினார். “தரகரை வர வேண்டாம்னு சொல்லிடுறேன். நீ இதை ஒவ்வொண்ணா அனுப்பும்மா.”