மீதியில்லாத எண்

"அப்படி ஒரு பதிவெண்ணே இல்லன்னு வருது தங்கச்சி. ஹால் டிக்கெட்டக் குடு, பாத்து அடிக்கறேன்" என்றாள், பெரம்பலூரில் பிரவுசிங் சென்டர் நடத்தும் லாவண்யா.

மணிமொழி தன் அம்மா அம்சவள்ளியை முறைத்தாள். "அத ஏன்க்கா கேக்கறீங்க? பாஸாகணும்னு செட்டிகுளம் முருகன் உண்டியல்ல போட்டாச்சு!"

"நம்பர்தான் மனப்பாடமாச்சேன்னு போட்டேன்டி" என்றாள் அம்சவள்ளி.

பிளஸ் டூ கணக்கில் ஏற்கெனவே இரண்டு முறை தோல்வி. இந்த முறையும் போனால் இனி பரீட்சையே கிடையாது என்று கணவர் கண்ணையன் கறாராகச் சொல்லியிருந்தார்.

திரையில் 5734827 என்று இருந்தது. மணிமொழி பேனாவை எடுத்தாள்.

"அக்கா, இந்த நம்பர் தொண்ணூத்தொம்பதால மீதியில்லாம வகுபடும். பரீட்சைக்கு முன்னாடியே வகுத்துப் பாத்தோம். அப்படின்னா ஒம்பதாலயும் வகுபடணும், பதினொண்ணாலயும் வகுபடணும். எல்லா எண்ணையும் கூட்டுங்க."

"முப்பத்தாறு."

"ஒம்பதுக்குச் சரி. அப்ப எண்ணெல்லாம் சரிதான், இடந்தான் மாறியிருக்கு. பதினொண்ணுக்கு ஒண்ணு விட்டு ஒண்ணு கூட்டணும். 5, 3, 8, 7 இருபத்திமூணு. மிச்சம் 7, 4, 2 பதிமூணு. ரெண்டும் சமமா வந்தா வகுபடும். பத்து இடிக்குதா? பக்கத்துல பக்கத்துல நிக்கற ரெண்டு எண்ண மாத்தி வச்சா, ஒரு பக்கம் அஞ்சு குறையணும், இன்னொரு பக்கம் அஞ்சு ஏறணும். அஞ்சு வித்தியாசத்துல யாரு ஜோடியா நிக்கறாங்க?"

லாவண்யா திரையில் விரல் வைத்துத் தேடினாள். "கடைசி ரெண்டும்! 2, 7."

"அத 72ன்னு மாத்துங்க."

"இவ்ளோ தெரிஞ்சுமா கணக்குல ரெண்டு தடவ போச்சு?" என்று லாவண்யா சீண்டினாள். மணிமொழி சிரித்தாள். அம்சவள்ளி தலையைக் குனிந்துகொண்டாள்.

லாவண்யா 5734872 என்று அடித்து, விசைப்பலகையை மணிமொழி பக்கம் தள்ளினாள். பிறந்த தேதியை மணிமொழியே அடித்தாள். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"பாஸ்! கணக்குல அறுபத்தொண்ணு!" என்று கத்தினாள் லாவண்யா.

அம்சவள்ளி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது. "முருகா... உண்டியல்ல போட்டது வீணாப் போவல."

"அப்புறமென்ன, காலேஜ்தான். எந்தக் காலேஜ் தங்கச்சி?"

"எங்க காலேஜ்தான்க்கா." மணிமொழி அம்மாவைத் தோளோடு அணைத்துக்கொண்டாள். "மேல பேரப் படிங்க. அம்சவள்ளி. இனிமே எனக்கு ரெண்டு வருசம் ஜூனியரு!"