புளி தேய்த்த கல்

அவள் முழந்தாளிட்டதும் நடைபாதையின் குளிர் எலும்பு வரை ஏறியது.

செருப்புக் கடை வாசல். பெயர் பொறித்துத் தரையில் பதித்த மூன்று பித்தளைக் கற்கள். ஒவ்வொன்றும் உள்ளங்கையளவு.

கடை ஒரு காலத்தில் வீடாக இருந்தது. அங்கிருந்து கொண்டுபோகப்பட்ட மூன்று யூதர்களின் பெயர்கள், அவர்கள் கடைசியாகத் தாண்டிய வாசலிலேயே கிடந்தன.

நவம்பர் ஒன்பதாம் தேதி அந்தச் சிறிய ஜெர்மன் ஊர் குனிந்து தன் கற்களைத் துலக்கும். நாஜி ஆட்சியில் அந்தத் தேதியில்தான் ஊரின் யூத ஜெபக்கூடத்துக்கு ஊராரே தீ வைத்தார்கள்.

ஜெர்மன் மொழி மாலை வகுப்பின் ஆசிரியை மாணவர்களுக்கு ஆளுக்கொரு வாசல் பிரித்துக் கொடுத்திருந்தாள். அவளுக்குக் கிடைத்தது இந்தச் செருப்புக் கடை.

பையிலிருந்து ஊறவைத்த புளியை எடுத்தாள். சரிதானா என்று தயங்கினாள். பித்தளை துலக்க அவளுக்கு வேறொன்றும் தெரியாது.

பக்கத்து வாசல் கற்களைத் துலக்கிக்கொண்டிருந்த திருமதி ஹார்ட்விக் எட்டிப் பார்த்தார்.

"இதென்ன, ஊறுகாயா?"

"புளி."

தகப்பன் சீக்மண்டின் கல் பளிச்சென்று வந்தது. ஹார்ட்விக் தன் கையிலிருந்த மெருகுப் பசையைப் பார்த்தார்.

"கடைக்காரன் என்னை நன்றாக ஏமாற்றிவிட்டான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றது.

காலையில் முல்லைத்தீவிலிருந்து அண்ணி பேசியிருந்தாள்.

"ஐயர் நாள் கேக்கிறார். நாள் தெரியாமல் திவசம் என்னெண்டு செய்யிறது? விளக்கும் ஏத்தாமல் கறுத்துப்போய்க் கிடக்குது. உன்ரை அண்ணை, நீ ஒரு நாள் சொல்லு. என்ரை வாயால சொல்லமாட்டன்."

போர் முடிந்தபோது கைகளை உயர்த்திக்கொண்டு படையினரின் பஸ்ஸில் ஏறியவன் அண்ணன். அதற்குப் பிறகு அவனைக் கண்டவர் யாருமில்லை.

நாள் சொன்னால், அவன் அன்றைக்குச் செத்தவனாவான். அவள் சொன்ன அன்றைக்கு.

அண்ணியின் நெற்றிப் பொட்டும் அதோடு போகும்.

பின்னேரம் சொல்கிறேன் என்று அவள் போனை வைத்துவிட்டாள்.

சீக்மண்ட். பிறந்த ஆண்டு. கொண்டுபோன ஆண்டு. கொல்லப்பட்ட நாள்.

மனைவி ஹெர்ட்டா. அவளுக்கும் அப்படியே.

மூன்றாவது கல் மகனுடையது. குர்ட். அழுத்தித் தேய்த்தாள். பிறந்த ஆண்டு வந்தது. கொண்டுபோன ஆண்டு வந்தது. கடைசி வரி வந்தபோது தன் ஜெர்மனை நம்பாமல் மறுபடி படித்தாள்.

என்ன ஆனான் என்று தெரியவில்லை.

"இவனுக்கு நாள் போடவில்லையே?"

"அதற்குச் சண்டையே நடந்தது" என்றார் ஹார்ட்விக். "ஏதாவது ஒரு தேதியைப் போட்டு முடியுங்கள் என்றார்கள். என் அம்மா அவனோடு ஒரே வகுப்பு. விடவில்லை. தெரியாவிட்டால் தெரியாது என்றே பதியுங்கள், ஆனால் பதியுங்கள் என்றாள்."

அவள் கல்லைக் கழுவினாள். உலரத் துடைத்தாள்.

துலக்கிய விளக்குக்குப் பொட்டு வைத்தே பழகிய கை. விரல் தானாகவே கல்லின் உச்சியைத் தொட்டுவிட்டது.

புளி ஈரத்தில் ஒரு வட்டம்.

ஐயோ. யூதப் பையனுக்குப் பொட்டு.

அவசரமாகத் துணியை எடுத்தாள். கல்லுக்கு மேலே கொண்டுபோனாள்.

அழிக்கக் கை வரவில்லை.

"அங்கே ஒரு கறை விட்டுவிட்டீர்கள்" என்றார் ஹார்ட்விக்.

"இருக்கட்டும்."

மெழுகுவர்த்தியைக் கற்களுக்கு நடுவே ஏற்றி வைத்தாள். காற்று அதைச் சாய்த்தது. அணைக்கவில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு கைபேசியை எடுத்தாள். முதல் மணியிலேயே அண்ணியின் குரல்.

"சொல்லு பிள்ளை. எந்த நாள்?"

அவள் மூன்றாவது கல்லைப் பார்த்தபடி நின்றாள்.

"அண்ணி, அந்த விளக்கைத் துலக்க வீட்டிலை புளி இருக்கோ?"