தூறலுக்குப் பயந்த கப்டன்

தமிழர் கடைத்தெருவான லா சப்பலில் மகாலிங்கத்தின் புதுக் கடைத் திறப்பு. நாடா வெட்டவேண்டிய அவருடைய பெறாமகள், கப்டன் கஜனி, ஸ்ட்ராஸ்பூர்க்கிலிருந்து தான் ஓட்டிவர வேண்டிய விமானத்தை எடுக்க மறுத்துவிட்டாள். அவர் போனில் ஏசினார்.

“தூறலுக்குப் பயந்த நீயெல்லாம் ஒரு பைலட்டே?”

“இது விழுந்த உடனை ஐஸாகிற மழை, சித்தப்பா. மெல்லிசெண்டால் பிளேன் செட்டையிலை ஐஸ் பிடியாத மருந்தடிச்சிட்டு எழும்பலாம். ரிப்போர்ட்டும் மெல்லிசெண்டுதான் சொன்னது. நான் இறங்கிப் பார்த்தன், அதைவிடக் கூட. அதுக்கு மருந்து தாங்காது.”

“இஞ்சையும் அதே தூறல்தான். சனமெல்லாம் கடைக்கு வந்திட்டுது. வெக்கக்கேடு!”

“மன்னியுங்கோ. அப்ப ஆர் நாடா வெட்டினது?”

“சித்தியை வெட்டச் சொன்னனான்.”

“ஏன், நீங்கள் வெட்டியிருக்கலாமே?”

“நான் எப்பிடிப் போறது? எபினேயிலை, வீட்டிலையெல்லோ நிக்கிறன். வாசல்படியெல்லாம் ஐஸ். வழுக்கி விழுந்தால் இடுப்பு முறிஞ்சிடும்!”