சீலையில் தேங்கிய மழை

தொண்ணூற்றாறாம் ஆண்டுக் கோடையில் இன்பநாதன் காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் பழைய காம்பிங் ட்ரெயிலர் ஒன்றை வாங்கி, வோபர்னில் இருந்த தன் வீட்டு வாசலில் நிறுத்தியிருந்தான். மழை பெய்தால் அதன் பக்கத்தில் விரியும் சீலைக் கூரையில் தண்ணீர் தேங்கி, சீலை கீழே உருண்டையாகத் தொங்கும். அவன் அடியில் நின்று கையால் தள்ளி ஊற்றிவிடுவான்.

அன்று பின்னேரம் உள்ளங்கையை வைத்தபோது சீலை இளஞ்சூடாக இருந்தது. பிறகு உள்ளிருந்து ஏதோ மெல்ல உதைத்தது.

அந்த உதை அவனுக்குத் தெரியும். ஆறு வருடங்களுக்கு முன் மனைவி ஜெகசோதியின் வயிற்றில், எட்டாம் மாதத்தில் நின்றுபோன உதை.

"தண்ணியை ஊத்திப்போட்டியளே? சீலை கிழியப்போகுது," என்று உள்ளேயிருந்து ஜெகசோதி கேட்டாள்.

"இல்லை. இஞ்ச வந்து கையை வையும்."

அவள் வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. இருவரும் நான்கு கைகளாலும் அதைத் தாங்கியபடி நின்றார்கள்.